கிழங்கை எடை போட்டீர்களா? குங்குமப்பூ வாசகர் கேள்வி பதில்

குங்குமப்பூ பற்றி வந்த கடிதங்களை மேஜையில் கொட்டிப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்த அளவுக் கிழங்கை வாங்குவது, எவ்வளவு நெருக்கமாக நடுவது. இரண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் கிழங்கு என்று எழுதுவதைத் தாவரவியல் புத்தகத்தில் கந்தம் என்று போட்டிருப்பார்கள், சேப்பங்கிழங்கு வகையறா. வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க மடலாக வராது. பழுப்பு நார்த்தோலை உரித்தால் உள்ளே முழுக்கக் கெட்டியான வெள்ளைச் சதை, உச்சியில் ஒன்றிரண்டு முளைக்கண், அவ்வளவுதான்.

கேள்வி: சார், 100 விதைக்கிழங்கு வாங்கி நட்டேன். எல்லாமே முளைத்தது, இலை புல் மாதிரி செழிப்பாக வந்தது. பூத்தது மட்டும் 14தான். என் மண் சரியில்லையா, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

மண்ணைத் திட்டாதீர்கள், பாவம், அதற்கு இதில் பங்கே இல்லை. உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "100 கிழங்கும் சேர்ந்து அரைக் கிலோ இருந்தது." அங்கேயே பதில் வந்துவிட்டது. 500 கிராமை 100ஆல் வகுத்தால் கிழங்குக்கு 5 கிராம். 5 கிராம் கிழங்கு இலை விடும், வேர் விடும், பூக்க மட்டும் அதற்குத் தெம்பு இருக்காது. பூத்த 14ம் அந்தக் கூட்டத்தில் தப்பித் தவறி வந்த கனமான கிழங்குகளாகத்தான் இருக்கும்.

ஏன் என்று கேட்டால், இந்தச் செடியின் பூ மண்ணின் தயவில் உருவாவதே இல்லை. கோடையில் கிழங்கு வேரும் இலையும் இல்லாமல் உறங்கிக்கொண்டிருக்கிறதே, அப்போது 23 முதல் 27 டிகிரி வெப்பத்தில் முளைக்கண்ணுக்குள்ளேயே பூ தயாராகிவிடுகிறது. கோடை முடியும் சமயம் ஒரு நல்ல கனமான கிழங்கை (ஒன்று வீணாகப் போனால் போகட்டும்) உச்சியிலிருந்து நெடுக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள், முளைக்குள் பொடிப்பொடியாகப் பூவின் உறுப்புகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அப்புறம் வெப்பம் 17 டிகிரி பக்கம் இறங்கியதும் அது வெளியே வருகிறது. ஆக, நீங்கள் மண்ணில் வைக்கும் நாளிலேயே இந்த வருஷத்துப் பூக்கணக்கு கிழங்குக்குள் எழுதி முடிந்துவிட்டது. போன வருஷம் அது சேர்த்து வைத்த சாப்பாடு எவ்வளவோ அவ்வளவுதான் பூ.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 8 கிராமுக்குக் கீழே பெரும்பாலும் பூக்காது. 8 முதல் 10 கிராம் என்றால் ஒரு பூவை எதிர்பார்க்கலாம். 15க்கு மேல் போனால் இரண்டு, 20ஐத் தாண்டினால் மூன்றோ அதற்கு மேலோகூட வரும். இந்த 8 கிராம் கோடு கல்வெட்டில் வெட்டியது இல்லை, 6 கிராமில் பூத்ததும் உண்டு, 10 கிராமில் ஏமாற்றியதும் உண்டு, கிழங்கைச் சேமித்து வைத்த விதம் கெட்டுப்போனால் கனமான கிழங்கும் கைவிரிக்கும். ஆனால் நூற்றுக்கணக்கில் வாங்கும்போது இந்தக் கணக்கு பெரிதாகத் தவறாது.

விற்றவரைப் பற்றிக் கேட்டீர்கள். எண்ணிக்கை சொல்லி விற்றார், எண்ணிக்கை சரியாக இருந்தது. எடை கேட்காமல் வாங்கியது நம் தப்பு. அடுத்த முறை "ஒரு கிலோவுக்கு எத்தனை கிழங்கு நிற்கும்" என்று கேளுங்கள். 100க்குள் என்றால் வாங்கலாம், 150, 200 என்று இழுத்தால் அது நாற்றங்கால் சரக்கு.

இருக்கிற இலையை மட்டும் தொடாதீர்கள், பூ வரவில்லையே என்ற கோபத்தில் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். தானாகக் காய்ந்து மஞ்சளாகிச் சாயும் வரை நிற்கட்டும். அடுத்த வருஷத்துப் பூவை அந்த இலைதான் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு கிழங்கையும் தராசில் வைக்க முடியுமா? கண்ணளவில் பார்க்க வழி இல்லையா?

கண்ணை நம்பாதீர்கள், இந்த விஷயத்தில் கண் நன்றாகவே ஏமாற்றும். 2 செ.மீ. குறுக்களவு உள்ள கிழங்கும் 3 செ.மீ. உள்ளதும் கையில் பார்த்தால் "கொஞ்சம் சின்னது, கொஞ்சம் பெரியது" என்றுதான் தோன்றும். எடையில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம், ஏனென்றால் உருண்டையான பொருளுக்கு எடை குறுக்களவின் முப்படியில் ஏறும். ஓர் அட்டையில் 2.5 செ.மீ. ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் நழுவி விழுவது ஒரு பக்கம், தடுத்து நிற்பது ஒரு பக்கம், நிற்பதுதான் பூக்கிற கூட்டம். ஐரோப்பியக் கிழங்கு வியாபாரத்தில் சுற்றளவைச் சொல்லி விற்பார்கள், 7/8, 8/9, 9/10, 10க்கு மேல் என்று. அது செ.மீ. கணக்கு, 8 செ.மீ. சுற்றளவு என்றால் ஏறக்குறைய அதே இரண்டரை செ.மீ. குறுக்களவு.

அளக்குமுன் தளர்ந்த மேல்தோலையும், அடியில் ஒட்டியிருக்கும் போன வருஷத்துக் காய்ந்த தட்டையும் எடுத்துவிடுங்கள். உள்தோல் இருக்கட்டும். நார் தடிமனாகச் சுற்றியிருந்தால் 6 கிராம் கிழங்குகூட ஜம்மென்று தெரியும்.

கேள்வி: சதுர மீட்டருக்கு 50 கிழங்கு என்று ஒருவர் சொல்கிறார், 100 என்கிறார் இன்னொருவர். நெருக்கி நட நட பூ கூடத்தானே செய்யும்? 200 வைத்தால் என்ன குறைந்துவிடும்?

முதல் வருஷம் கூடும், மறுக்கவே மாட்டேன். ஒரே எடையுள்ள கிழங்கை 50 வைத்த பாத்தியைவிட 100 வைத்த பாத்தியில் ஏறக்குறைய இரட்டிப்புப் பூ வரும், 200 வைத்தால் அதற்கும் மேல். ஏனென்றால் ஒவ்வொரு கிழங்கும் கட்டுச்சோற்றோடு வந்திருக்கிறது, பூக்கிற வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரனிடம் கையேந்த வேண்டியதில்லை. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். முதல் பருவத்துப் பூவை எண்ணிவிட்டு "நெருக்கம்தான் லாபம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பூ முடிந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. கட்டுச்சோறு தீர்ந்துபோய்த் தாய்க்கிழங்கு சுருங்க ஆரம்பிக்கும், கடைசியில் அது தோல் தட்டாகத்தான் மிஞ்சும். அதன் தலைமேல், ஒவ்வொரு முளையின் அடியிலும் புதுச் சேய்க்கிழங்கு திரள்கிறது. குளிர்காலம் முழுக்க, வசந்தம் வரை, இலை வெயிலைப் பிடித்து அனுப்புவது எல்லாம் அதற்குத்தான் போகிறது. இந்த மூன்று நான்கு மாதத்தில்தான் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. இலை மெல்லியது, நீளமானது, கொஞ்சம் வளர்ந்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், நெருக்கமான பாத்தியில் ஒன்றன்மேல் ஒன்று படுத்து அடியில் இருப்பதற்கு வெயிலே கிடைக்காது. தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி. போதாததற்கு மண்ணுக்கடியில் பருக்க இடமும் வேண்டுமே.

விளைவு என்ன? பாத்தியைத் தோண்டி மொத்தமாக எடை போட்டால் நெருக்கமாக நட்டதில் எடை கூடுதலாகவே இருக்கும், அதைப் பார்த்தும் மயங்கக் கூடாது. அந்த எடை பொடிப்பொடிக் கிழங்காகப் பிரிந்து கிடக்கும், பாதிக்கு மேல் 8 கிராமைத் தொடாது. அதனால் இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ அந்தப் பாத்தி பார்க்கப் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கும், குனிந்து தேடினால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் பூ. விட்டு விட்டு நட்ட பாத்தி இதற்கு நேர் எதிர். முதல் வருஷம் வழுக்கைத் தலை மாதிரி இருந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பும், மூன்றாம் வருஷம் பூத்துக் குலுங்கும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். நீங்கள் நடும் நெருக்கம் அப்படியே நிற்காது. ஒரு கிழங்கு வருஷத்துக்கு மூன்று சேய் விடுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 50 நட்டால் ஒரு பருவம் முடிந்து 150, இரண்டு முடிந்து 450. அழுகலும் எலியும் கொண்டுபோவதைக் கழித்தால்கூட, நீங்கள் நெருக்காமல் விட்டாலும் அது தன்னைத் தானே நெருக்கிக்கொள்கிறது. 200இல் தொடங்கினால் இரண்டே பருவத்தில் எங்கே போய் நிற்கும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே "எத்தனை நடலாம்" என்பதற்கு முன் "எத்தனை வருஷம் தோண்டாமல் விடப்போகிறேன்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உலகத்தில் இதைப் பயிர்செய்யும் இடங்களைப் பார்த்தாலே தெரியும். இத்தாலியில் நவெல்லிப் பக்கம் ஒவ்வொரு கோடையும் கிழங்கைத் தோண்டி, தரம் பிரித்து, மறுபடி நடுகிறார்கள். அப்படிச் செய்கிறவர் நெருக்கி நடலாம், அவருக்கு இரண்டாம் வருஷம் என்ற பிரச்சினையே இல்லை. ஸ்பெயினின் லா மான்சாவில் மூன்று நான்கு வருஷச் சுற்று. காஷ்மீரில் பாம்பூர் பக்கத்துப் பழைய வயல்களில் 10, 15 வருஷம்கூடத் தோண்டாமல் விட்டுவிடும் வழக்கம் இருந்தது, விளைச்சல் இறங்கியதற்கு அந்த நெரிசலும் ஒரு காரணம். 2010இல் தொடங்கிய தேசியக் குங்குமப்பூ இயக்கத்தின்போது அங்கே பரப்பப்பட்ட முறை வரிசைக்கு வரிசை 20 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 10 செ.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 50, ஹெக்டேருக்கு 5 லட்சம். ஈரானின் கொராசானில் நெல் நாற்று மாதிரி குத்துக் குத்தாக வைப்பார்கள், ஒரு குழியில் மூன்றில் தொடங்கிப் பத்துப் பதினைந்து வரைகூடப் போகும், பல வருஷம் விட்டுவிடுவார்கள். குத்துக்குள்ளே நெரிசல் இருந்தாலும் குத்துக்குக் குத்து இடைவெளி இருப்பதால் வெளிப்பக்க இலைக்காவது வெயில் கிடைக்கும். குறைந்த ஆளில் வேலை முடியும் என்பது உண்மை. நல்ல கிழங்கு எடுக்க நினைக்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

என் கணக்கு இதுதான். வருஷா வருஷம் தோண்டத் தயார் என்றால் சதுர மீட்டருக்கு 100. இரண்டு வருஷம் என்றால் 70 பக்கம். மூன்று நான்கு வருஷம் என்றால் 50க்கு மேல் போகவேண்டாம். ஐந்து வருஷத்துக்கு மேல் விடுவதாக இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், எந்த இடைவெளியும் உங்களைக் காப்பாற்றாது. விதைக்கிழங்கின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்: 10 கிராம் கிழங்கு 50 என்றால் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ, ஹெக்டேருக்கு 5 டன். 100 என்றால் 10 டன். இந்தப் பயிரில் பெரிய முதலீடே விதைக்கிழங்குதான்.

கேள்வி: அதே 50தானே, 14க்கு 14 செ.மீ. என்று சதுரமாக நட்டால் இன்னும் நல்லதில்லையா?

கணக்குப்படி நல்லதுதான், எல்லாப் பக்கமும் சமமாக இடம் கிடைக்கும். ஆனால் அதற்குள் காலை எங்கே வைப்பீர்கள்? பூ விடியற்காலையில் விரியும், வாடுமுன் குனிந்து ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும், களையும் எடுக்க வேண்டும். 20 செ.மீ. வரிசை இடைவெளி செடிக்கு மட்டும் விட்டது இல்லை, உங்களுக்கும் விட்டதுதான்.

கேள்வி: என்னிடம் 5 கிலோவுக்குத்தான் வசதி. 10 கிராமில் 500 கிழங்கு வாங்கவா, 20 கிராமில் 250 வாங்கவா?

முதல் வருஷத்துப் பூவில் பெரிய வித்தியாசம் இருக்காது. 500 கிழங்கு ஆளுக்கு ஒன்று, 250 கிழங்கு ஆளுக்கு இரண்டோ மூன்றோ, கணக்குப் போட்டால் பெரிய கிழங்குப் பக்கம் கொஞ்சம் சாயும், அதோடு பெரிய கிழங்கு பூக்காமல் ஏமாற்றுவது அபூர்வம். இடமும் பாதி போதும். இவ்வளவும் 20 கிராமுக்குச் சாதகம்.

அடுத்த பக்கத்தையும் பாருங்கள். பெரிய கிழங்கில் முளைக்கண் அதிகம். உச்சிக்கண்ணில் திரளும் சேய் நன்றாகப் பருக்கும், பக்கக்கண்களில் வருவதெல்லாம் கடலை அளவில் நின்றுவிடும். ஆகவே ஒரு 20 கிராம் தாய் இரண்டு மூன்று நல்ல பிள்ளைகளையும் ஒரு கை நிறையப் பொடியையும் தரும். 10 கிராம் தாய்க்குக் கண் குறைவு, பொடியும் குறைவு. பாத்தியில் நல்ல இடைவெளி இருந்தால் அதன் உச்சிச் சேய் தாயின் எடையைத் தொட்டுவிடும், சமயத்தில் மிஞ்சும். நானாக இருந்தால் 10 முதல் 15 கிராம் சரக்கைத்தான் கேட்பேன், நாலைந்து வருஷம் இதிலேயே இருக்கப்போகிறவருக்கு அது தோதானது. ஒரே ஒரு முறை பூ எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன் என்கிறவர் பெரியதை வாங்கட்டும்.

இரண்டையும் கலந்து ஒரே பாத்தியில் மட்டும் வைக்காதீர்கள். பெரிய கிழங்கின் இலை முந்திக்கொண்டு எழுந்து சின்னதன் மேல் படுத்துவிடும், சின்னது சின்னதாகவே கிடக்கும். அப்புறம் பாத்தியை எப்போது தோண்டுவது என்பதிலும் குழப்பம், பாதிப் பாத்திக்கு வயது வந்திருக்கும், பாதிக்கு வந்திருக்காது.

இழை நீளமாக வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கனத்த கிழங்கில் கொஞ்சம் தேறலாம், ஆனால் விளைச்சலைத் தூக்குவதும் சரிப்பதும் பூவின் எண்ணிக்கைதான். ஒரு பூவுக்கு மூன்று சிவப்பு இழை, அதில் எந்தக் கிழங்கும் தாராளம் காட்டாது.

கேள்வி: தரம் பிரித்ததில் 8 கிராமுக்குக் கீழே ஒரு கூடை நிறைய விழுந்துவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

தூக்கிப் போடவே கூடாது, அடுத்த வருஷத்து விதைக்கிழங்கு அதுதான். தனியாக ஒரு நாற்றங்கால் பாத்தி போடுங்கள், பூவை எதிர்பார்க்காமல். 4 முதல் 8 கிராம் வரை இருப்பதை ஓர் இடத்திலும், அதற்கும் கீழே இருப்பதை இன்னோர் இடத்திலும் வையுங்கள். சின்னக் கிழங்குக்கு இலையும் குறைவு என்பதால் பூப்பாத்தியைவிட நெருக்கமாக வைக்கலாம், 10 செ.மீ. வரிசையில் 5, 6 செ.மீ.க்கு ஒன்று தாங்கும். ஒரே ஒரு நிபந்தனை, ஒரு பருவம் முடிந்ததும் தோண்டிவிட வேண்டும். "இருக்கட்டும், இன்னொரு வருஷம்" என்று விட்டால் மறுபடி அதே பொடிதான் கிடைக்கும். மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள், பச்சைச் சாணம் வேண்டாம், அழுகலை வரவழைக்கும். ஒன்றிரண்டு பருவத்தில் பாதிக்கு மேல் பூக்கிற எடைக்கு வந்துவிடும்.

1, 2 கிராமில் இருப்பதை என்ன செய்ய என்று கேட்காதீர்கள். பொறுமை இருந்தால் நடுங்கள்.

கேள்வி: ஆழம் எவ்வளவு? இதுவும் கிழங்கின் அளவை மாற்றுமா?

மாற்றும். மேலாக நட்டால் சேய் நிறைய, பொடியாக. ஆழமாக நட்டால் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொன்றும் பருமனாக வரும். 12 முதல் 15 செ.மீ. நல்ல நடுவாந்திரம். வருஷா வருஷம் தோண்டுகிறவருக்கு 10 போதும். நாலு வருஷம் விடுகிறவர் 15க்குக் குறையக் கூடாது, ஏனென்றால் சேய் எப்போதும் தாயின் தலைமேல் உட்காருகிறது, வருஷத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே ஏறிக்கொண்டே வந்து கடைசியில் மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். களிமண்ணாக இருந்தால் ஆழம் போகாதீர்கள், அதைவிட முதலில் மேட்டுப்பாத்தி போட்டு வடிகால் பாருங்கள்.

கேள்வி: நாலாம் வருஷம் இது. முதல் இரண்டு வருஷம் நல்ல பூ, போன வருஷம் குறைந்தது, இந்த வருஷம் ரொம்பவே மோசம். உரம் போட்டும் இலைதான் வருகிறது.

உரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுங்கள். இலை காய்ந்து சாய்ந்தபின், வடபாதி உலகத்தில் அது மே, ஜூன் வாக்கில், பாத்தியின் நடுவிலிருந்து ஒரே ஒரு குத்தைத் தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் இப்படி நாலு வருஷப் பாத்தியில் ஒரு குத்தைக் கிளப்பியபோது மண்ணோடு சேர்ந்து பூண்டு மாதிரி ஒரே கொத்தாக வந்தது. உதறிப் பிரித்தால் 23 கிழங்கு. ஒன்றையொன்று நெரித்ததில் பாதிக்கு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது, உருண்டையாக இருந்தவை விளிம்பில் இருந்த நாலைந்துதான். 8 கிராமைத் தாண்டியது மூன்றே மூன்று. நடுவில் இரண்டு பழுப்பாகிப் பஞ்சு மாதிரி அமுங்கின, அது அழுகல், நெருக்கத்தில் கிழங்கோடு கிழங்கு உரசிக்கொண்டிருப்பதால் பக்கத்துக்குப் போக அதற்கு வண்டி வேண்டியதில்லை. நட்டபோது அந்த இடத்தில் இருந்தது ஒரே கிழங்கு, 14 கிராம்.

உங்கள் பாத்தியும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். முழுவதையும் தோண்டுங்கள். நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி உலர்த்துங்கள், வெயிலில் போடாதீர்கள். அமுங்குவது, கறுத்தது, தழும்பு உள்ளது எல்லாம் தனியே போகட்டும், அதை எருக்குழியிலும் போடாதீர்கள். மிச்சத்தை 2.5 செ.மீ. ஓட்டையில் சலித்துப் பெரியதைப் புது இடத்தில் நடுங்கள், சின்னது நாற்றங்காலுக்கு. ஃபியூசேரியம் என்கிற அழுகல் பூஞ்சை மண்ணிலேயே வருஷக்கணக்கில் காத்திருக்கும், ஆகவே அதே பாத்தியில் உடனே திரும்ப வைக்கவேண்டாம்.

பூ குறைகிற முதல் வருஷமே தோண்டியிருக்க வேண்டும். போன வருஷம் "தட்பவெப்பம் சரியில்லை போல" என்று நினைத்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

கேள்வி: அறைக்குள் தட்டுகளில் மண்ணே இல்லாமல் குங்குமப்பூ பூக்க வைப்பதைப் பார்த்தேன். கிழங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அங்கே மட்டும் நெருக்கம் பாதிக்காதா?

மேலே சொன்னதற்கெல்லாம் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, தட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது, வெப்பத்தை மட்டும் இறக்கினால் அழகாகப் பூத்துவிடுகிறது. அது பூப்பது போன வருஷச் சேமிப்பில். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது கிழங்கின் எடையை மட்டும்தான், இடைவெளியை விட்டுவிடலாம்.

படம் பிடித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பூப்பறிப்போடு கேமராவை அணைத்துவிடுகிறார்கள். பூத்து முடிந்த கிழங்கை அப்படியே தட்டில் விட்டால் சுருங்கும். அதை மண்ணுக்கோ ஊட்டக்கரைசலுக்கோ மாற்றி, நல்ல வெளிச்சம் கொடுத்து, மூன்று நான்கு மாதம் இலையை வளர்த்தால்தான் சேய்க்கிழங்கு பருக்கும், அங்கே வந்ததும் இடைவெளிக் கணக்கு முழுசாகத் திரும்பி வந்துவிடும். தட்டில் ஒரு சதுர மீட்டரில் நின்ற கிழங்குக்கு அப்போது அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த இடமும் விளக்கும் இல்லாதவர் வருஷா வருஷம் புதுக் கிழங்கு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அறையைக் கட்டுமுன் இதைக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பக்கக்கண்களைக் கிள்ளிவிட்டு நட்டால் சேய்க்கிழங்கு பெரிதாகுமாமே?

ஆகும். கண் குறைந்தால் சேய் குறையும், இருக்கிற சாப்பாடு இரண்டு மூன்றுக்கே பங்காகும். அடிப்பக்கத்துச் சின்னக் கண்களை மட்டும் நகத்தால் எடுக்கலாம், உச்சியில் இருப்பதைத் தொட்டால் பூவே போய்விடும். 50 கிழங்குக்குச் செய்யலாம். 5,000 கிழங்குக்குச் செய்வதாக இருந்தால் வீட்டில் எல்லாரும் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். காயம் ஆறும் வரை ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள்.

கேள்வி: 10 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. எவ்வளவு குங்குமப்பூ கிடைக்கும்? நேராகச் சொல்லுங்கள்.

சதுர மீட்டருக்கு 50 வீதம் 500 கிழங்கு, எல்லாம் 10 கிராம், எல்லாம் ஆளுக்கு ஒரு பூ பூத்துவிட்டது என்று நல்லபடியாகவே நினைப்போம். 500 பூ. ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூ வேண்டும், அதாவது ஒரு கிராமுக்கு 150. உங்களுக்கு மூன்றேகால் கிராம் சொச்சம். ஈர இழையாக எடை போட்டுவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், உலர்ந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும்.

அதே இடத்தில் 20 கிராம் கிழங்கு வைத்து ஆளுக்கு மூன்று பூ வந்தால் 10 கிராம் வரும். 5 கிராம் கிழங்கு வைத்தால், முதல் கடிதம் எழுதியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கிழங்கே வேண்டாம், குங்குமப்பூ விதை கிடைக்கிறது என்கிறார்களே, அதில் இந்த எடை, இடைவெளித் தொல்லை இருக்காதே?

இருக்காது, குங்குமப்பூவும் இருக்காது. இந்தச் செடி மும்மடியம், குரோமோசோம் 24, மூன்று தொகுதியாக இருப்பதால் ஒழுங்காக விதை பிடிக்காது. ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதன் கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்டுத்தான் இதைக் காப்பாற்றி வந்திருக்கிறான். விதை என்று விற்பது பெரும்பாலும் குசும்பா, முள் இலையும் ஆரஞ்சுப் பூவுமாக எண்ணெய்க்காக வளர்க்கிற வேறு செடி.

கிழங்கிலும் ஓர் ஆள்மாறாட்டம் உண்டு, அது விளையாட்டில்லை. கோல்ச்சிக்கம் என்று ஒன்று, அதுவும் இலையுதிர்காலத்தில் ஊதாவாகத்தான் பூக்கும், கொடிய நஞ்சு. பூ விரிந்ததும் நடுவில் மகரந்தத்தாளை (சிவப்பு இழையை இல்லை, மகரந்தப்பொடி இருக்கும் காம்பை) எண்ணுங்கள். மூன்று இருந்தால் பறிக்கலாம். ஆறு இருந்தால் பறிக்காதீர்கள், கிழங்கோடு பிடுங்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.